லேப்டாப் களவு போனால் முதலில் மெயிலைப் பூட்டுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் தம்பியின் லேப்டாப் பையோடு களவு போய்விட்டது. ஜிமெயில், ஜிஎஸ்டி, இரண்டு பேங்க் நெட்பேங்கிங் எல்லாமே குரோமில் சேமித்தவை. விண்டோஸுக்கு பாஸ்வேர்டு போடவில்லை. எதிலிருந்து தொடங்குவது? (வாசகர், சேலம்–2)

பதில்: எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும், அதுவும் இன்றைக்கே. உங்கள் போனிலோ வீட்டிலுள்ள வேறு கம்ப்யூட்டரிலோ செய்யுங்கள். பிரவுசிங் சென்டர் வேண்டாம்.

குரோம் பாஸ்வேர்டுகளைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் அந்தப் பூட்டு உங்கள் விண்டோஸ் லாகினை நம்பி நிற்கிறது. லாகினே இல்லாத மெஷினில், எடுத்தவர் பேங்க் தளத்தைத் திறந்தாலே யூசர் பெயரும் பாஸ்வேர்டும் தானாக நிரம்பிவிடும். பல தளங்களில் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் அடையாளத்தைத் தட்டினால், புள்ளிகள் மறைந்து எழுத்தே தெரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, திறந்தபடி கிடக்கும் ஜிமெயில். அதற்குள் நுழைய பாஸ்வேர்டே தேவையில்லை. மெயில் ஒருவர் கையில் இருந்தால், மற்ற தளங்களில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று கொடுத்து ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். பேங்கை முதலில் மாற்றிவிட்டு மெயிலை மறுநாளைக்குத் தள்ளுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆகவே, முதலில் கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலில் அந்த லேப்டாப்பைத் தேடி ‘சைன் அவுட்’ கொடுங்கள். பாஸ்வேர்டு மாற்றினாலே பெரும்பாலான இடங்களில் வெளியேற்றிவிடும் என்றாலும் கண்ணால் பார்த்து உறுதி செய்வது நல்லது. ரெகவரி மெயில், ரெகவரி போன் எண் இரண்டும் உங்களுடையவைதானா? ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’கில் தெரியாத முகவரி ஏதும் ஏறியிருக்கிறதா? அப்படி ஒன்று இருந்தால், பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் உங்கள் மெயில் அங்கே போய்க்கொண்டேயிருக்கும்.

பிறகு பேங்க். ‘ஓடிபி என் போனுக்குத்தானே வரும்’ என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். போனின் எஸ்எம்எஸ் லேப்டாப்பிலும் தெரியும்படி இணைத்திருந்தால் ஓடிபி அங்கேயும் விழும். கூகுள் மெசேஜஸில் ‘டிவைஸ் பேரிங்’, வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ இரண்டையும் திறந்து அந்த மெஷினை நீக்குங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

ஜிஎஸ்டி அதற்கு அடுத்தது. பையில் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி) போயிருந்தால், அதை வழங்கிய நிறுவனத்திடம் சொல்லிச் சான்றிதழை ரத்து செய்யுங்கள். டோக்கனுக்கு ரகசிய ‘பின்’ (PIN) எண் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம்; பலர் அதை டோக்கன் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

கூகுளில் சேமித்த பட்டியலை அழித்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். நெட் இணைப்பு இல்லாத அந்த லேப்டாப்பில் பழைய நகல் அப்படியே இருக்கும். அந்தந்தத் தளத்தில் மாற்றினால்தான் அது செல்லாக்காசாகும்.

கேள்வி: ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். என் லேப்டாப்பில் விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறது. திருடு போனாலும் பயமில்லைதானே? (வாசகி, ஏற்காடு)

பதில்: அது மட்டும் போதாது. டிஸ்க்கைத் தனியாகப் பூட்டாமல் விட்டிருந்தால், அதைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினாலே விருந்தினர்களின் ஆதார் நகல் உட்பட எல்லா ஃபைலும் திறக்கும். குரோம் பாஸ்வேர்டுகள் உடனே தெரியாது. ஆனால் பிறந்த வருடம் போன்ற எளிய லாகினை வைத்திருந்தால், நிதானமாக ஊகித்து உடைக்க எடுத்தவருக்கு நேரம் நிறைய இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் பிரவுசரில், சேமித்த பாஸ்வேர்டுகளுக்குத் தனிப் பூட்டான ‘பிரைமரி பாஸ்வேர்டு’ போடாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: இரண்டு சிறு ஃபைல்களை நகலெடுத்தாலே போதும், விண்டோஸ் பாஸ்வேர்டே வேண்டாம்.

செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’க்குள் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது ‘பிட்லாக்கர்’ இருக்கிறதா பாருங்கள். டிஸ்க்கையே பூட்டும் வசதி இது. ஆஃபில் இருந்தால் ஆன் செய்யுங்கள். அதன் ரெகவரி கீ 48 இலக்கம். காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வைத்தால் பூட்டோடு சாவியையும் சேர்த்துக் கொடுத்தது போலாகும்.

கேள்வி: எல்லா பாஸ்வேர்டுகளையும் ஒரே மாஸ்டர் பாஸ்வேர்டில் பூட்டி வைக்கும் கீபாஸ் ஆப்பின் ஃபைல் லேப்டாப்போடு போய்விட்டது. மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றினால் சரியாகிவிடுமா? (வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: ஆகாது. நீங்கள் மாற்றுவது உங்களிடம் இருக்கும் நகலை. களவு போன நகல் பழைய பாஸ்வேர்டுக்கே திறக்கும். அது நீளமானதாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக இருந்தால் அவசரப்படாமல், மெயிலும் பேங்கும் முதலாக உள்ளிருப்பவற்றை மாற்றலாம். சின்னதென்றால் இன்றிரவே உட்கார்ந்துவிடுங்கள்.

கேள்வி: போலீஸில் புகார் கொடுக்க என்ன வேண்டும்? (வாசகர், அம்மாபேட்டை)

பதில்: பில், சீரியல் எண். சீரியல் எண் லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியிலும் இருக்கும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸ் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பேங்க்கும் இன்சூரன்ஸும் கேட்கக்கூடும். சிம் போடும் வசதி இல்லாத லேப்டாப்புக்கு, போன்களுக்கு இருக்கும் ஐஎம்இஐ அடையாள எண் கிடையாது. அதனால் போனை முடக்குவது போல மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க வழியில்லை.