பழைய டீசல் வண்டியில் டிபிஎஃப் விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர், அதாவது புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் டீசல் கார் 1,80,000 கி.மீ. ஓடியது. டிபிஎஃப் விளக்கு எரிகிறது. வண்டி இழுக்கவில்லை, 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மறுக்கிறது. ஸ்கேனரில் பி2463 என்ற பிழைக் கோட் வருகிறது. ஃபில்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. ஆனால் குறை ஃபில்டரில்தானா என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். பி2463 என்றால் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கருதுகிறது, அவ்வளவுதான். ஏன் சேர்ந்தது என்பதை அந்தக் கோட் சொல்லாது. டிபிஎஃப் தானாகக் கெடுவது குறைவு. எஞ்சின் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரி கக்கியிருக்கலாம். சேர்ந்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் நடக்காமல் தடைப்பட்டிருக்கலாம். சென்சார் தப்பாகச் சொல்லியிருக்கலாம். எது என்று தெரியாமல் புது ஃபில்டர் போட்டால், சில ஆயிரம் கி.மீ.யில் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

ஸ்கேனரில் வரும் எல்லா பிழைக் கோட்களையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அழிப்பதெல்லாம் அப்புறம். பி2463 உடன் பி0401, பி0299, பி0128, பி0544 போன்றவை இருந்தால் அவற்றைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். இவை முறையே ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) ஓட்டக் குறைவு, டர்போ அழுத்தக் குறைவு, கூலன்ட் போதிய சூடு ஏறாமை, எக்ஸாஸ்ட் வெப்ப சென்சாரின் சர்க்யூட் கோளாறு. இப்படிப்பட்ட கோட் நிலுவையில் இருக்கும்போது பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ரீஜெனரேஷனைத் தொடங்கவே விடாது.

அடுத்தது டிஃபரென்ஷியல் பிரஷர் சென்சார். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை இதுதான் அளக்கிறது. இதிலிருந்து இரண்டு ரப்பர் ஹோஸ்கள் இறங்கி, ஃபில்டரிலிருந்து வரும் இரும்புக் குழாய்களில் மாட்டியிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் தெரியும். ரப்பர் இரும்புக் குழாயில் ஏறும் இடத்தில் விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். சூட்டில் காய்ந்த ரப்பரில் மயிரிழை விரிசல் அங்கேதான் வாய் திறக்கும். உட்பக்கம் உப்பிப்போய்த் துளை சுருங்கியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாயில் கரி இறுகியிருந்தால் மெல்லிய கம்பி விட்டு எடுக்கலாம். ஹோஸ் சென்சாரில் மாட்டியிருக்கும்போது கம்ப்ரஸர் காற்று மட்டும் அடிக்காதீர்கள். உள்ளே உள்ள மெல்லிய தகடு அந்த அழுத்தத்தைத் தாங்காது.

ஃபில்டருக்கு முன்னாலிருந்து வரும் ஹோஸ் ஓட்டையானால் சென்சார் குறைவாகக் காட்டும். ஃபில்டரே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து பி244ஏ போன்ற பிழைக் கோட் ஒன்றைப் போடும். கழற்றி மாட்டியவர் இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிட்டால் எண் மைனஸில் வரும்.

இப்போது எஞ்சினை அணைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (சென்சார்கள் அப்போதைக்கப்போது காட்டும் எண்களை) பாருங்கள். அழுத்த வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இரண்டு, மூன்று மில்லிபார் இப்படி அப்படி இருந்தால் பரவாயில்லை. ஓடாத எஞ்சினில் 15, 20 என்று காட்டினால் குறை சென்சாரில். ஃபில்டரைத் தொட வேண்டாம். ஐந்து வோல்ட் சப்ளை உள்ள பல சென்சார்களில் பூஜ்ய அழுத்தத்துக்கு வெளியீடு சுமார் 0.5 வோல்ட் இருக்கும், மல்டிமீட்டரிலும் சரிபார்க்கலாம்.

பூஜ்யம் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? ஒன்றரை மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயை 'யு' வடிவில் வளைத்துப் பாதி அளவு தண்ணீர் விடுங்கள். ஒரு முனையைச் சென்சாரின் முன்பக்க வாயில் செருகி, மறுமுனையைத் திறந்தபடி மெல்ல உயர்த்துங்கள். இரண்டு தண்ணீர் மட்டங்களுக்கும் 30 செ.மீ. வித்தியாசம் வரும்போது ஸ்கேனரில் ஏறக்குறைய 29 மில்லிபார் வர வேண்டும். தண்ணீர் சென்சாருக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சென்சார் நம்பத்தக்கது என்று தெரிந்த பிறகுதான் ஃபில்டரை அளக்க வேண்டும். எஞ்சின் முழுச் சூட்டில், ஐடிலில், நல்ல ஃபில்டர் பெரும்பாலும் 10 மில்லிபாருக்குள் காட்டும். வண்டி நின்ற நிலையில் 3,000 ஆர்பிஎம்மில் 30 முதல் 60 வரை போகலாம். அங்கே 100-ஐத் தாண்டினால் அடைப்பு உண்மைதான். இவை உத்தேச அளவுகள். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எண் இருந்தால் அதுவே முடிவு. கிலோபாஸ்கலில் காட்டும் ஸ்கேனர் என்றால் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பல வண்டிகளில் கரி அளவு இரண்டு வகையாகக் கிடைக்கும். ஒன்று, ஓட்டிய விதத்தை வைத்துக் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. மற்றது, அழுத்த வித்தியாசத்திலிருந்து கிடைத்த அளவு. கணக்கு 12 கிராம், அளவு 35 கிராம் என்று வந்தால், எஞ்சின் எதிர்பார்த்ததைவிட அதிகம் புகைகிறது, அல்லது ஃபில்டரில் சாம்பல் நிறைந்திருக்கிறது. கணக்கு ஏறியும் அளவு ஏறவில்லை என்றால் ஹோஸ் ஓட்டை அல்லது உடைந்த ஃபில்டரைத் தேடுங்கள்.

கடைசி ரீஜெனரேஷன் முடிந்து எத்தனை கி.மீ. ஆகிறது என்றும் பாருங்கள். சில நூறு கி.மீ.க்கு ஒருமுறை நடப்பது இயல்பு. நூறு கி.மீ.க்குள் திரும்பத் திரும்ப நடந்தால் கரி மிகை, அல்லது சாம்பல். ஆயிரக்கணக்கில் நடக்கவே இல்லை என்றால் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது.

கரி மிகை என்றால் தேட வேண்டிய இடங்கள்: டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கிழிசல் (எண்ணெய் கசிந்து ஈரமாக இருக்கும் இடத்தைப் பாருங்கள்), மூடாமல் சிக்கிய ஈஜிஆர் வால்வு, அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார், சொட்டும் இன்ஜெக்டர். பழைய வண்டிகளில் இன்டர்கூலர் ஹோஸைத்தான் முதலில் சந்தேகிப்போம். டர்போ திணிக்கும் காற்று வழியில் கசிந்தால் டீசல் முழுதாக எரியாது. டிபிஎஃப் இல்லாத வண்டியில் இது கரும்புகையாக வெளியே தெரிந்துவிடும். உங்கள் வண்டியில் ஃபில்டர் அதை விழுங்கிவிடுவதால் கண்ணுக்கே தெரியாது.

ஃபில்டரை மாற்றச் சொன்னவரிடம், ஐடிலில் எத்தனை மில்லிபார் என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாதவர் அளக்கவில்லை.

கேள்வி: விளக்கு வந்தால் நெடுஞ்சாலையில் ஓட்டினால் போய்விடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டியும் போகவில்லை.

பதில்: ஓட்டுவதால் மட்டும் கரி எரிந்துவிடாது. கரி எரிய 550 முதல் 650 டிகிரி சூடு வேண்டும். சாதாரண ஓட்டத்தில் டீசல் எக்ஸாஸ்ட் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. அதனால் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே தாமதமாகக் கூடுதல் டீசல் தெளிக்கிறது. அது ஃபில்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட்டில் எரிந்து சூட்டைக் கூட்டுகிறது. 2000-இல் பியூஜோ 607 காரில் வந்த முறையைப் பின்பற்றும் வண்டிகளில், டீசலில் கலக்கும் ஒரு திரவம் கரியைச் சுமார் 450 டிகிரியிலேயே எரியவைக்கும். அதற்குத் தனிச் சிறு டேங்க் உண்டு. உங்களுடையது அந்த வகை என்றால் திரவம் தீர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இல்லையென்றால் கூலன்ட் வெப்பத்தைக் கவனியுங்கள். நெடுஞ்சாலையில் 85, 90 டிகிரியில் நிற்க வேண்டியது 65, 70-இலேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, ரீஜெனரேஷன் தொடங்காது. டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது வெப்பம் கொஞ்சம் மாறினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. ஸ்கேனர் எண்ணைப் பாருங்கள். டீசல் கால் டேங்குக்குக் கீழே இருந்தாலும் பல வண்டிகளில் தொடங்காது.

எக்ஸாஸ்ட் வெப்ப சென்சார்களைச் சோதிக்க எளிய வழி: இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் எல்லா வெப்ப எண்களையும் பாருங்கள். கூலன்ட், உள்ளே வரும் காற்று, எக்ஸாஸ்ட் எல்லாமே வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 40, 50 டிகிரி தள்ளி நின்றால் அதை மாற்றுங்கள்.

ரீஜெனரேஷன் தொடங்கியும் முடியவில்லை என்றால், கேட்டலிஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வெப்பத்தை ஒப்பிடுங்கள். முன்னால் 300, பின்னால் 600 என்றால் வேலை செய்கிறது. பின்னாலும் 300-ஐ ஒட்டியே நின்றால் கேட்டலிஸ்ட் செத்துவிட்டது, அல்லது கூடுதல் டீசல் வரவில்லை.

எல்லாம் சரி என்றால் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் 20, 25 நிமிடம் சீராக ஓட்டினால் போதும். அதிவேகம் தேவையில்லை; ஒரு கியர் குறைத்து ஓட்டுவது நல்லது. ஐடில் சற்று உயர்வது, ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாதது, அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுவது, சூடான உலோக வாடை இவையெல்லாம் ரீஜெனரேஷன் நடப்பதற்கான அடையாளங்கள். அந்த நேரத்தில் வண்டியை அணைக்காமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

கேள்வி: ஆயில் குறைவதற்குப் பதில் டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. டீசல் வாடையும் அடிக்கிறது. ஓட்டலாமா?

பதில்: மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் ஓட்டாதீர்கள். ரீஜெனரேஷன் பாதியில் நின்று நின்று மறுபடி தொடங்கும்போது, எரியாத டீசல் பிஸ்டன் ரிங்குகள் வழியாக ஆயிலில் இறங்குகிறது. ஆயில் நீர்த்துப்போய் டர்போ, கிராங்க் பேரிங் இரண்டும் தேயும். மட்டம் மிக உயர்ந்தால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயம் உண்டு. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். ரீஜெனரேஷன் ஏன் முடிவதில்லை என்று மேலே சொன்னபடி தேடுங்கள். இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவையும் (இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசலின் அளவு) சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்கேனர் மூலம் ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன், ஸ்ப்ரே கிளீனர், கழற்றிக் கழுவுவது. எது நல்லது?

பதில்: உள்ளே இருப்பது கரியா சாம்பலா என்பதைப் பொறுத்தது. கரி எரியும். சாம்பல் எரியாது; அது எஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவற்றின் மிச்சம்.

கரி மட்டும் என்றால், காரணத்தைச் சரி செய்த பிறகு ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன் போதும். ஆனால் கரி எல்லை மீறியிருந்தால் கூடாது. சில தயாரிப்பாளர்கள் 40, 45 கிராமைத் தாண்டினால் அனுமதிப்பதில்லை. அத்தனை கரியும் ஒரே நேரத்தில் பற்றினால் உள்ளே 1,000 டிகிரிக்கு மேல் போய் செராமிக் விரிசல் விடும், உருகவும் கூடும். பிழைக் கோட்டை அழித்து, கரிக் கணக்கைத் திருத்தி ஏமாற்றி ஓடவைப்பது ஃபில்டரைக் கொல்லும் வேலை. திறந்தவெளியில், சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். காய்ந்த புல், குப்பை எதுவும் அடியில் இருக்கக் கூடாது. முடியும்வரை ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடிந்ததும் ஆயில் மாற்றுங்கள்.

ஸ்ப்ரே கரியைத் தளர்த்தலாம், சாம்பலை எடுக்காது. ரீஜெனரேஷன் ஒழுங்காக முடிந்தும் ஐடில் அழுத்தம் இறங்கவில்லை, அல்லது சாம்பல் நிறைந்துவிட்டது என்று சொல்லும் பி242எஃப் கோட் வருகிறது என்றால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சூளையில் மெதுவாகச் சூடாக்கி, வெளிவாய்ப் பக்கமிருந்து காற்றடித்துச் சாம்பலை எடுப்பார்கள்; அதற்கான இயந்திரத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் உண்டு. முன், பின் எடையையும் அழுத்த எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டி கழுவும் பிரஷர் கன் வேண்டாம். ஈரச் சாம்பல் குழல்களின் கடைக்கோடியில் களிமண்ணாக இறுகிவிடும். மாட்டிய பிறகு ஸ்கேனரில் சாம்பல் கணக்கை மறுபடி தொடங்கிவைக்க வேண்டும்.

கேள்வி: பழைய எஞ்சின்தானே, கெட்டியான சாதாரண ஆயில் ஊற்றினால் என்ன?

பதில்: புத்தகத்தில் ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆயில் தரம்) சி வகை என்று இருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். சி3 ஆயிலில் சல்பேட்டட் ஆஷ், அதாவது ஆயில் எரிந்த பின் மிஞ்சும் சாம்பல், 0.8 சதவீதத்துக்குள், சி1, சி4 வகைகளில் 0.5-க்குள் இருக்கும். பழைய ஏ3/பி4 வகையில் 1.0 முதல் 1.6 வரை போகும். ஒரு லிட்டர் ஆயில் ஏறக்குறைய 850 கிராம். அது எரிந்தால் சி3 ஆயில் 7 கிராம் வரை சாம்பல் தரும்; 1.5 சதவீத ஆயில் சுமார் 13 கிராம் தரும். 2,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குடிக்கும் தேய்ந்த எஞ்சின் ஒரு லட்சம் கி.மீ.யில் 50 லிட்டர் எரிக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இப்படிக் குடிக்கும் எஞ்சினில் ஃபில்டரைச் சுத்தம் செய்யும் முன் டர்போ சீல், பிரீதர் (எஞ்சின் உள் ஆவி வெளியேறும் வழி), பிஸ்டன் ரிங் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: பழைய டீசல் கார் வாங்கப்போகிறேன். டிபிஎஃப் உள்ளே இருக்கிறதா, வெட்டி எடுத்துவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எஞ்சின் ஆறிய பிறகு சைலன்சர் வாயின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். நல்ல ஃபில்டர் உள்ள வண்டியில் பல வருடம் ஆனாலும் கறுப்புக் கரி ஒட்டாது. விரல் மையாகக் கறுத்தால் ஃபில்டர் உடைந்திருக்கிறது, அல்லது இல்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, டிபிஎஃப் பெட்டியில் ஃபேக்டரி வெல்டிங் அல்லாத இரண்டாவது வெல்டிங் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்கேனரைப் போட்டு 3,000 ஆர்பிஎம்மில் அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறினாலும் எண் அசையாமல் ஒன்று, இரண்டிலேயே நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை, அல்லது ஹோஸைச் சோதிக்க வேண்டும். ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். புகைச் சோதனையிலும் தேறாது. நுண்கரி நேராக மனிதர்களின் நுரையீரலுக்குப் போகிறது. புது ஃபில்டரும் சென்சாரும் பொருத்தி, கம்ப்யூட்டரின் பழைய ப்ரோகிராமைத் திரும்ப ஏற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ள விற்பவர் சம்மதித்தால் ஒழிய அந்த வண்டி வேண்டாம்.