இந்த அனிமேயைப் பிள்ளை பார்க்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் குடியிருக்கிறோம், சி.எஸ்.ஐ. சபை. பன்னிரண்டாவது படிக்கும் என் மகன் நெட்ஃபிளிக்ஸில் ‘நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்’ என்று ஒரு ஜப்பான் அனிமே (கார்ட்டூன் தொடர்) பார்க்கிறான். எங்களுடையது ஒரே அறை வீடு. வெள்ளையாக ஒரு பெரிய உருவத்தைச் சிலுவையில் அறைந்து வைத்திருக்கும் காட்சி ஓடியபோது என் மாமியார் பார்த்துவிட்டு அழுதுவிட்டார்கள். “சாத்தான் வேலை, நிறுத்து” என்கிறார்கள். மகன், “வெறும் கதைதானேம்மா” என்கிறான். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி, தாராவி

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் மாமியார். அவர்கள் அழுதது அறியாமை என்று யாரும், முக்கியமாக உங்கள் மகன், சொல்லக் கூடாது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்து செம்பூரில் வாழ்கிறவள். ‘ரெக்கார்ட் ஆஃப் ரக்னராக்’ என்ற மாங்காவில் (ஜப்பான் படக்கதைப் புத்தகம்) சிவபெருமான் ஒரு சுமோ வீரரோடு கட்டிப் புரண்டு சண்டை போடுவதை என் அக்கா மகன் காட்டினான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று அவன் எவ்வளவு விளக்கியும் எனக்கு அது ஒட்டவில்லை. கும்பிடும் உருவத்தை வேடிக்கைப் பொருளாகப் பார்க்க முடியாதவர்கள் உண்டு. அவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் மற்றவர்கள் கடமை. ஒரே அறை என்றால், பையன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் பார்க்கட்டும். ஜெப நேரத்தில் அதுவும் வேண்டாம்.

ஆனால் ‘சாத்தான் வேலை’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் பார்த்தது 15-ஆவது அத்தியாயத்தில் முதன்முதலாக வரும் உருவம். ஏழு கண் வரைந்த முகமூடியோடு நிலத்தடியில் அறையப்பட்டிருக்கும் அது இயேசு இல்லை. அந்தக் கதைக்குள் வரும் வேறொரு உயிர். ஊரைத் தாக்க வரும் எதிரிகளுக்குத் தேவதூதர்கள் பெயர். அவர்கள் வெடித்துச் சிதறும்போது நெருப்பு சிலுவை வடிவில் எழும்புகிறது. ஒரு எதிரியின் பெயர் இஸ்ராஃபெல். மறுமை நாளில் சூர் என்ற எக்காளத்தை ஊதும் வானவராக முஸ்லிம்கள் அறிந்த பெயர் அது. ஆக, உங்களுக்கு மட்டும் உறுத்துகிற தொடர் இல்லை இது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? உதவி இயக்குநர் கசுயா சுருமாக்கி இதற்கு வெளிப்படையாகவே பதில் சொல்லியிருக்கிறார். ஜப்பானில் ராட்சத ரோபோ தொடர்கள் ஏராளம். அவற்றிலிருந்து தனித்துத் தெரிய ஒரு மதச் சாயல் வேண்டியிருந்தது. அங்கே கிறிஸ்தவம் அதிகம் பழக்கமில்லாத மதம் என்பதால் மர்மமாக இருக்கும் என்று அந்தச் சின்னங்களை எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவப் பொருள் எதுவும் அதற்குள் இல்லை. அந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். உங்கள் சபையைப் பழிக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அக்கறை இல்லாமல் எடுத்தாண்டார்கள் என்று நீங்கள் வருத்தப்பட்டால், அந்த வருத்தம் நியாயம்தான்.

நான் கவலைப்படுவது வேறு இடத்தில். இயக்குநர் ஹிடெயாகி அன்னோ கடுமையான மனச்சோர்வில் கிடந்து எழுந்த பிறகு எடுத்த தொடர் இது. 1995 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்தது, 26 அத்தியாயங்கள். நாயகன் ஷின்ஜிக்கு 14 வயது. அப்பா கைவிட்ட பிள்ளை. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் அவனை அரித்துக்கொண்டே போகிறது. கடைசி இரண்டு அத்தியாயங்களில் சண்டையே இல்லை, முழுக்க அவன் மனசுக்குள்தான் நடக்கின்றன. பரீட்சை நெருக்கடியில் இருக்கும் ஒரு பையன் மேல் அது எப்படி இறங்கும் என்று தாய்தான் பார்க்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், பேச்சு இவற்றில் மாற்றம் தெரிந்தால் தொடரை நிறுத்திவிட்டு அவனோடு உட்காருங்கள்.

இன்னொன்று, 14 வயதுப் பெண் பிள்ளைகளின் உடம்பைக் காட்டும் விதம். பல இடங்களில் அது தப்பு. இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், மகனிடமும் சொல்லுங்கள். தொடருக்கு முடிவாக 1997-ல் வந்த படம், நினைவில்லாமல் கிடக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் நாயகன் செய்யும் ஆபாசமான காரியத்தோடு தொடங்குகிறது. 18 வயது ஆகும்வரை அந்தப் படம் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

எந்தத் தொடர் ஆனாலும் முதல் அத்தியாயத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் ஒன்று, கடைசிக்குப் பக்கத்தில் ஒன்று பாருங்கள். இந்திய அரசின் 2021 விதிகளின்படி ஓடிடி நிகழ்ச்சிகளுக்கு யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயது வகை இருக்கிறது. வன்முறை, பாலியல், மொழி பற்றிய குறிப்பும் இருக்கும். பக்தியுள்ள ஒருவர் மனசு புண்படுமா என்பது அதில் வராது, அதை நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் குறிப்பிட்ட ஒரு தொடரை மட்டும் ஒருவர் புரொஃபைலில் வராமல் தடுக்கவும் வழி உண்டு. 2018-ல் வந்த ‘டெவில்மேன் க்ரைபேபி’யை அப்படித் தடுத்துவிடுங்கள். பத்தே அத்தியாயம்தான், ஆனால் முதல் அத்தியாயத்திலேயே காமமும் ரத்தமும் ஒன்றாகக் கொட்டுகின்றன. சாத்தான் அதில் ஒரு பாத்திரமாகவே வருகிறான். உங்கள் மாமியார் சொன்னது அதற்குப் பொருந்தும்.

கேள்வி: விசுவாசத்தை மதித்துப் பேசுகிற, பெரியவர்களுக்கான அனிமே ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: உண்டு. 2019-ல் தொடங்கிய ‘வின்லாண்ட் சாகா’ பாருங்கள். வட ஐரோப்பாவின் கடல் கொள்ளை வீரர்களான வைக்கிங்குகள் காலத்துக் கதை. அதில் ஒரு குடிகாரப் பாதிரியார், தனக்குப் பிரியமானவரை மட்டும் நேசிப்பது அன்பில்லை, பாகுபாடு என்று ஒரு இளவரசனிடம் சொல்லும் இடம் என்னை நாள் முழுக்க யோசிக்க வைத்தது. முதல் பருவத்தில் வெட்டும் குத்தும் அதிகம். கொலைகாரனாக வளர்ந்தவன் அடிமையாக வயலில் உழுது, வன்முறையை விட்டுவிடுவதுதான் 2023-ல் வந்த இரண்டாம் பருவம். ரத்தம் பார்க்க முடியாதவர்கள் முதல் பருவத்தின் கதையை யாரிடமாவது கேட்டுக்கொண்டு இரண்டாவதில் தொடங்கலாம்.