வாடிக்கையாளரை மையமாக வைத்தால் தொழிலில் என்னதான் மாறும்?

சிங்கப்பூரில் சிறிய கடை போடப்போகிறவர் கேட்டிருக்கிறார்: “வாடிக்கையாளரை மையப்படுத்தும் மார்க்கெட்டிங் என்கிறார்களே, விளம்பரத்தைத் தாண்டி அது எதை மாற்றும்?”

விளம்பரம் கடைசியாகத்தான் மாறும். அதற்கு முன்பே சரக்கு வாங்கும் பட்டியல், ஆள் போடும் முறை, கடை திறந்திருக்கும் நேரம் எல்லாம் மாறியிருக்கும். லிட்டில் இந்தியாவில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். சுவரில் ‘வாடிக்கையாளரே தெய்வம்’ என்று மாட்டியிருப்பதை நம்பமாட்டேன், கொள்முதல் பில்லைத்தான் பார்ப்பேன்.

ஒரு கடையைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பும் தொழிலாளர்கள். சோப்பு, சாக்லேட், கோடாலித் தைலம், போர்வை என்று வாங்குவார்கள். முதலாளி கவனித்தது வேறு: அவர்கள் கவலை விலையைப் பற்றியதே இல்லை, விமான டிக்கெட்டில் உள்ள கிலோவுக்குள் பெட்டி அடங்குமா என்பதுதான். கல்லாவுக்குப் பக்கத்தில் எடை மெஷின் வைத்தார். அட்டைப்பெட்டி, டேப், கயிறு எல்லாம் இலவசம். அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. கண்ணாடி பாட்டில் போய் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது, கனமான சாமான்கள் கட்டும் மேசைக்கு அருகே நகர்ந்தன, ஞாயிறு மாலை பெட்டி கட்டவே தனியாக ஆள். எடை கூடினால் “அண்ணே, இதை எடுத்துடுங்க” என்று கடைப் பையனே சொல்லி, பணத்தைத் திருப்பித் தருவான். விற்றதைத் திரும்ப வாங்கும் அந்த இடத்தில்தான் முதலாளி சொன்னதைச் செய்கிறாரா என்று தெரியும். கணக்கில் இதையெல்லாம் பேக்கிங் செலவு என்றுதான் எழுதுகிறேன். என்னைக் கேட்டால் அந்தக் கடையின் மார்க்கெட்டிங் செலவே அதுதான்.

இது புதுச் சிந்தனையில்லை. மார்க்கெட்டிங் அறிஞர் தியோடர் லெவிட் 1960-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ என்ற இதழில் அமெரிக்க ரயில் கம்பெனிகளைப் பற்றி எழுதினார். தங்கள் தொழில் ரயில் ஓட்டுவது என்று நினைத்தார்கள், போக்குவரத்து என்று நினைக்கவில்லை. பயணிகளைக் காரும் விமானமும் கொண்டுபோய்விட்டன.

நம் சிங்கப்பூரிலேயே, சையது ஆல்வி சாலையில் உள்ள முஸ்தபா சென்டர் என்ற பெரிய பல்பொருள் கடை பெருந்தொற்று வரும்வரை 24 மணி நேரமும் திறந்திருந்தது. ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும் விடியற்காலை விமானம் பிடிப்பவருக்கும் அதுதான் வசதி. சாங்கி விமான நிலையக் கழிப்பறைத் திரையில் ‘மோசம்’ என்று தொட்டால் காரணம் கேட்கும், தகவல் உடனே மேற்பார்வையாளருக்குப் போகும். கருத்துக் கேட்பது எல்லாரும் செய்வது. கேட்டதும் துடைப்பத்தோடு ஆளை அனுப்புவதற்குத்தான் செலவாகும்.

ஒன்று எச்சரிக்கிறேன். எந்த வாடிக்கையாளர் என்று முடிவு செய்யாமல் இதில் இறங்காதீர்கள். அந்தக் கடை வாசலில் அட்டைப்பெட்டிகள் குவிவதால், தேக்கா சந்தைக்கு வரும் அக்காமார் சிலர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். முதலாளிக்கு அது தெரியும், தெரிந்தேதான் விட்டார். எல்லாருக்கும் எல்லாம் வைக்க இங்கே வாடகை விடாது. அதேபோல வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் கொடுப்பதும் இதில் சேராது. கடன் கேட்டால் அந்த முதலாளி சிரித்துக்கொண்டே இல்லை என்பார்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், பார்த்து வைத்திருக்கும் இடத்துக்கு ஒரு செவ்வாய்க் காலையும் ஒரு ஞாயிறு மாலையும் போய் நில்லுங்கள். யார் போகிறார்கள், கையில் என்ன பை, எந்தக் கடையில் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். முதல் சரக்குப் பட்டியலை அதற்குப் பிறகு எழுதுங்கள்.