100-ஐ விட்டுவிட்டு 75-க்குப் போகலாமா?

கேள்வி: ஐந்து வருடங்களாக ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராக இருக்கிறேன். இணையதளங்களுக்கு எழுதுவது, கட்டுரைகள், எப்போதாவது பிறர் பெயரில் புத்தகம். மாத வருமானம் சராசரியாக 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 70 ஒரே கிளையண்டிடமிருந்து வருகிறது. வீட்டுச் செலவு 60, சேமிப்பு 120. வாரத்துக்கு 50 மணி நேரம் உழைக்கிறேன். இப்போது ஒரு நிறுவனம் 40 மணி நேர வேலைக்கு 75 தருவதாகச் சொல்கிறது. போகலாமா? சொந்தமாக ஒரு நாவலும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: போகலாம். 25 குறைகிறதே என்றுதான் தயங்குகிறீர்கள். மாதத்துக்கு நான்கு வாரம் என்று வைத்தால் இப்போது 200 மணி நேரத்துக்கு 100, அதாவது மணிக்கு 0.50. வேலையில் 160 மணி நேரத்துக்கு 75, மணிக்கு ஏறக்குறைய 0.47. ஃப்ரீலான்ஸில் லேப்டாப், காப்பீடு, சம்பளமில்லாத விடுமுறை எல்லாம் உங்கள் கைக்காசு. அதைக் கழித்தால் அந்த வித்தியாசமும் நிற்காது. அப்புறம், 100 என்பது பில் போட்ட தொகையா, வங்கிக்கு வந்து சேர்ந்த தொகையா? எழுத்தாளர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் வருமானம் என்று சொல்வார்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த 70. அந்த கிளையண்ட் நாளைக்கே நிறுத்தினால் கைக்கு வருவது 30, செலவு 60. மாதம் 30 துண்டு விழும். 120 சேமிப்பு நான்கே மாதத்தில் காலி. புது கிளையண்டைத் தேடி, மாதிரி எழுதிக் காட்டி, வேலை வாங்கி, திருத்தங்கள் முடித்து, பில் அனுப்பி, அதன் பிறகு 30 முதல் 60 நாள் காத்திருந்தால் அந்த நான்கு மாதம் போதாது. சொல்லப்போனால் நீங்கள் இப்போதே ஒரு முதலாளியிடம்தான் வேலை பார்க்கிறீர்கள், விடுப்பும் நோட்டீஸ் காலமும் இல்லாமல்.

வேலைக்குப் போனால் மாதம் 15 மிஞ்சும். இப்போதுள்ள 120 சேமிப்பு ஆறு மாதச் செலவான 360-ஐ எட்ட 16 மாதம் ஆகும். மாதம் 10 தரும் சின்ன கிளையண்ட் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு ஃப்ரீலான்ஸுக்கே திரும்பினாலும் கண்ட வேலையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்காது.

ஆனால் அந்தச் சின்ன கிளையண்டை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தர வேண்டும். வெளிவேலை கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஒரு கிளையண்டுக்கு விலக்கு கேளுங்கள். எழுதுவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தால், அலுவலகப் பணிக்காக எழுதியது மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். நாவல் பெயரைக் குறிப்பிட்டு, அது என்னுடையது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாக "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்பார்கள். சொன்னவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் யாரைக் கேட்பீர்கள்? அங்கே எழுதியவற்றை அடுத்த வேலைக்கு மாதிரியாகக் காட்டலாமா என்பதையும் இப்போதே கேளுங்கள். பிறர் பெயரில் எழுதியதைக் காட்ட முடியாமல் தவிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சம்பளத்தையும் பேசிப் பாருங்கள். 75 என்பது அவர்கள் முதலில் சொன்ன தொகைதான்; 80 கேட்பதால் வேலை பறிபோவது அபூர்வம்.

பெரிய கிளையண்டிடம் விலகுகிறேன் என்று சொல்வது கடைசி வேலை. கையெழுத்தான ஒப்பந்தம் கையில் வரட்டும், நிலுவைப் பில்கள் வசூலாகட்டும். விலகிய எழுத்தாளரின் பில் கணக்குப் பிரிவில் அடியில் போய்விடும்.