பால் வண்டிக்காரரின் மகன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் பற்றிய கட்டுரையில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டிக் கெப்ஹார்ட்டை மிக உயர்வாகச் சொல்லியிருந்தீர்கள். பதவியை விட்டபின் ஆலோசகராகி, துருக்கி அரசுக்காக வேலை பார்த்தாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். வக்கீல் இன்று ஒரு கட்சிக்காரருக்கும் நாளை வேறொருவருக்கும் வாதாடுகிறார். அதை யாரும் குறை சொல்வதில்லை. இவர் செய்தது மட்டும் எப்படித் தவறாகும்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

விட்டது என் பிழைதான். அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு கண்ணை மறைத்துவிட்டது.

செயின்ட் லூயிஸில் பால் வண்டி ஓட்டியவரின் மகன் அவர். 1977 முதல் 28 ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் இருந்தார். 1993இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொந்தக் கட்சியின் ஜனாதிபதி கிளின்டன் முழுமூச்சாக நின்றபோது, சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக இருந்துகொண்டே எதிர்த்து வாக்களித்தார். ஆலைகள் மெக்சிகோவுக்குப் போய்விடும் என்று அஞ்சிய தொழிலாளர்கள் அதை மறக்கவில்லை.

இனி நீங்கள் கேட்டது. 1915இல் தொடங்கி, இன்றைய துருக்கிக்கு முன்னோடியான ஒட்டோமான் ஆட்சியில் பல லட்சம் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். அதை இனப்படுகொலை என்று அமெரிக்க நாடாளுமன்றம் சொல்லவேண்டும் என்பது அங்குள்ள ஆர்மீனியர்களின் நெடுநாள் கோரிக்கை. 2000இல் வந்த தீர்மானத்தை கெப்ஹார்ட் ஆதரித்தார். 2003இலும் ஆதரித்தார். 2005இல் பதவி முடிந்தது. 2007இல் அதே கோரிக்கை மறுபடி தீர்மானமாக வந்தபோது, துருக்கியிடம் மாதம் சுமார் 1 லட்சம் டாலர் வாங்கிய சட்ட நிறுவனம் ஒன்றின் சார்பில் அதைத் தடுக்க வேலை செய்தார். வெளிநாட்டு அரசுக்காக வேலை செய்பவர் பதிவு செய்தாக வேண்டும் என்று 1938இல் போட்ட சட்டம் ஒன்று உண்டு. இதெல்லாம் வெளியே தெரிவதற்கு அந்தப் பதிவேடுகள் பெரிய உதவி.

வக்கீல் உவமை இங்கே பொருந்தவில்லை. வக்கீல் திறந்த நீதிமன்றத்தில் பேசுகிறார், எதிர்த்தரப்பு அங்கேயே பதில் சொல்கிறது. நீதிபதி அவருடைய பழைய சகாவாக இருந்தால் வழக்கு வேறு அமர்வுக்குப் போகும். பழைய சகாக்களிடம் தனியே பேசிக் காரியம் முடிக்கும் இந்தத் தொழிலிலோ அந்தப் பழக்கத்துக்குத்தான் கூலியே. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? செயின்ட் லூயிஸ் மக்கள் பதினான்கு முறை போட்ட ஓட்டிலிருந்து.

என்னை இன்னும் வருத்துவது வேறொன்று. 2000இல் அவர் ஆதரித்தது யாரோ கொடுத்த வழக்கு அல்ல, அவர் வாய்ச்சொல். தாத்தா பாட்டியைப் பாலைவனத்தில் பறிகொடுத்த குடும்பங்கள் அதை நம்பின. புதிய சான்று கிடைத்து மனம் மாறியிருந்தால் மதித்திருப்பேன். 1915 பற்றிய சான்றுகள் எதுவும் மாறிவிடவில்லை.

2007 அக்டோபரில் தீர்மானம் சபையின் குழு ஒன்றில் 27–21 என்று தேறியது, முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை. பழி முழுவதையும் அவர்மேல் போடமாட்டேன். துருக்கியிலுள்ள விமானத்தளம் ஈராக் போருக்குத் தேவைப்பட்டது, புஷ் அரசே எதிர்த்து நின்றது. கடைசியில் 2019இல் 405–11 என்ற கணக்கில் சபை அதை ஏற்றது. பன்னிரண்டு ஆண்டுகள். அதற்குள் கண்மூடிய முதியவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

கட்டுரையில் இந்தப் பகுதியைச் சேர்த்துவிட்டேன். நாஃப்டா பற்றி எழுதியதை மாற்றவில்லை. அந்த வாக்கு அவருடையதுதான்.