செக்கும் பங்குப் பத்திரமும்

அன்புள்ள ஐயா,
அந்தக் காலக் காங்கிரஸில் மிதவாதிகள் மனு எழுதினார்கள், தீவிரவாதிகள் உணர்ச்சிவசப்பட்டார்கள். அவ்வளவுதானே வித்தியாசம்? 1907-ல் சூரத்தில் காங்கிரஸ் உடையாமல் இருந்திருந்தால் நல்லதில்லையா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு வாரமாக வ.உ.சி. நினைப்பாகவே இருக்கிறேன், உங்கள் கடிதம் வந்தது. சூரத்தை விடுங்கள். அங்கே செருப்பு பறந்த கதையைப் போதுமான பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் ‘உணர்ச்சிவசப்பட்டார்கள்’ என்று எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

நீங்கள் சொல்லும் தீவிரவாதிகள் பக்கம் நின்ற வ.உ.சி. ஒரு வக்கீல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். உணர்ச்சிவசப்பட்டவன் கோஷம் போடுவான். வீடு வீடாகப் பங்கு விற்கப் போவானா? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் ஓடியதும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. அப்புறம் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை! அந்தக் குடையைப் பார்த்துத்தான் ஊர் சூடேறியது என்பேன். ஒழுங்காக வியாபாரம் செய்தாலும் விடமாட்டார்கள் என்று தெரிந்தபின் மனு எழுத யாருக்குக் கை வரும்?

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் நூல் மில்லில் வேலைநிறுத்தம். அவரும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளிகளோடு நின்றார்கள். வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய வேறொரு வக்கீலுக்குப் பாதி சவரத்தில் நாவிதர் கத்தியை மடக்கிவிட்டுப் போய்விட்டார் என்று சொல்வார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது: கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை. 12-ம் தேதி இருவரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

ஏழாம் வகுப்பில் நாங்கள் வ.உ.சி. நாடகம் போட்டோம். மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைத்தால் செக்கு. நான் சாட்டை பிடித்த வார்டர். சிநேகிதனை அடிக்க மனம் வராமல் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். டீச்சர் மேடைக்குப் பின்னால் இழுத்துப்போய் மண்டையில் குட்டினார். இப்போது யோசித்தால், அந்த நாடகத்தில் மில் தொழிலாளிக்கு வேஷமே கிடையாது. பங்கு வாங்கியவருக்கும் இல்லை. முதல் காட்சியிலேயே செக்குதான். நீங்களும் அதே நாடகத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள், தம்பி.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சூரத் பற்றி இன்னொரு நாள்.