அந்தச் சம்பளத்துக்கு அவர் தகுதியா? என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஒப்பந்தங்கள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆள் மட்டும்தான் மாறுகிறார்: "இவ்வளவு பணத்துக்கு இவர் தகுதியா?" எப்போதும் சொல்வதையே முதலில் சொல்லிவிடுகிறேன். டாலரைப் பார்க்காதீர்கள், சேலரி கேப்பில் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு, சில விதிவிலக்குகளோடு தாண்டலாம்) அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒப்பந்தம் எந்த வருடம் கையெழுத்தானது, அப்போது வீரருக்கு என்ன வயது என்பதையும் பாருங்கள். இந்த மூன்றையும் பார்க்காமல் கேட்டால் என்னால் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது.

கே: ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு 4 வருடத்துக்கு 28.5 கோடி டாலர்! வருடத்துக்கு 7 கோடி! மைக்கேல் ஜோர்டானே இவ்வளவு வாங்கவில்லையே?

ப: கேப் கணக்கில் பார்த்தால் வாங்கினார், இதைவிட அதிகமாகவே. 1997-98 சீசனில் ஜோர்டானின் சம்பளம் சுமார் 3.3 கோடி. அந்த வருடம் ஒரு முழு அணிக்குமான கேப்பே 2.7 கோடிதான். அணி முழுவதற்கும் வைத்த வரம்பைத் தனி ஒருவராகத் தாண்டியவர் அவர். ஷாய்க்கு விதி அனுமதிப்பது கேப்பில் 35 சதவீதம், அதுவும் 2027-28 முதல்தான். 2025 இல் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த வீரர் விருது), ஓக்லஹோமா சிட்டிக்குச் சாம்பியன் பட்டம், ஃபைனல்ஸ் எம்.வி.பி. என்று மூன்றும் கையில் இருக்கும் ஒருவருக்கு 35 சதவீதம் கொடுக்க யோசிக்கும் மேலாளரை நான் வேலைக்கு வைக்க மாட்டேன்.

கே: சம்பளத்தை மொத்தப் புள்ளிகளால் வகுத்து, ஒரு புள்ளிக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். சரிபார்த்துத் தர முடியுமா?

ப: முடியாது. ரூடி கோபேர் நான்கு முறை சிறந்த தற்காப்பு வீரர் விருது வாங்கியவர். எதிரணி போடாமல் போன புள்ளிகள் உங்கள் பட்டியலில் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன? டென்வர் அணியின் ஜோகிச் கொடுக்கும் பாஸை வாங்கி இன்னொருவர் போடும் புள்ளி யார் கணக்கில் சேரும்? போன வருடமும் இதே பட்டியல் இரண்டு பேரிடமிருந்து வந்தது. தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள்.

கே: 2016 இல் லேக்கர்ஸ் அணி டிமோஃபே மோஸ்காவ் என்பவருக்கு 6.4 கோடி கொடுத்ததே, யாருக்குப் புத்தி கெட்டது?

ப: அந்தக் கோடையில் எல்லோருக்குமே கெட்டது. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்ததால் கேப் ஒரே தாவலில் 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குப் போனது. எல்லா அணிகளின் கையிலும் காசு, சந்தையில் நல்ல வீரர்கள் கொஞ்சம் பேர். முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ விலை மாதிரி ஏறிவிட்டது. மோஸ்காவுக்கு 4 வருடம் 6.4 கோடி, அதே லேக்கர்ஸில் லுவால் டெங்குக்கு 7.2 கோடி, நியூயார்க் நிக்ஸில் ஜோக்கிம் நோவாவுக்கும் 7.2 கோடி. நோவா நிக்ஸுக்காக ஆடியது மொத்தம் 53 ஆட்டங்கள். டெங் தன் இரண்டாவது சீசனில் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் இறங்கினார். மோஸ்காவை யாரும் சும்மா வாங்கிக்கொள்ளத் தயாரில்லை. 2015 டிராஃப்டில் (அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டாவது ஆளாக எடுத்திருந்த டி'ஏஞ்சலோ ரஸ்ஸலையும் சேர்த்துக் கொடுத்துத்தான் ப்ரூக்ளின் தலையில் கட்டினார்கள்.

அதே 2016-17 சீசனில் ஸ்டீஃபன் கரி என்ன வாங்கினார் என்பதையும் பாருங்கள். இரண்டு முறை தொடர்ந்து எம்.வி.பி. ஆகியிருந்தவர், சம்பளம் 1.2 கோடி. மோஸ்காவுக்கு 1.6 கோடி. கரி தன் சொந்த அணியிலேயே சம்பளத்தில் நான்காம் இடம். காரணம், 2012 இல் கணுக்கால் மாற்றி மாற்றிச் சுளுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் 4 வருடத்துக்கு 4.4 கோடி என்று போட்ட கையெழுத்து. அந்தக் கணுக்காலை நம்பிக் கொடுத்ததே அதிகம் என்று அன்றைக்குப் பேசியவர்கள் உண்டு. அந்த மலிவுதான் 2016 இல் கெவின் டியூரன்டை அழைத்துவர கரியின் அணியான கோல்டன் ஸ்டேட்டுக்குக் கேப்பில் இடம் கொடுத்தது. திரும்பவும் சொல்கிறேன், கையெழுத்தான வருடத்தைப் பாருங்கள்.

கே: இந்த வீரர்களின் பேராசையால்தான் டிக்கெட் விலை ஏறுகிறது, சாதாரண ரசிகன் உள்ளே போக முடியவில்லை. பந்தைக் கூடையில் போடுவதற்கு 5 கோடி டாலரா? இதற்கு ஒரு முடிவே இல்லையா?

ப: வருடா வருடம் வரும் கடிதம் இது. வருடா வருடம் எனக்குக் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்.பி.ஏ.யில் கூடைப்பந்து வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்கு, பாதி உரிமையாளர்களுக்கு. இது லீக்கும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. வீரர்களின் சம்பளத்திலிருந்து 10 சதவீதத்தை முதலிலேயே பிடித்துவைக்கிறார்கள். சீசன் முடிந்ததும் கணக்குப் பார்த்து, வீரர்கள் பங்கு பாதியைத் தாண்டியிருந்தால் அந்தப் பணம் உரிமையாளர்களுக்கே திரும்பிப் போகும். குறைந்திருந்தால் மீதியை லீக் வீரர்களுக்குக் கொடுக்கும். அதாவது வீரர்களுக்கான மொத்தத் தொகை முன்கூட்டியே முடிவானது. ஒருவருக்கு 5 கோடி கொடுப்பதற்குப் பதில் 2 கோடி கொடுத்தாலும் மிச்ச 3 கோடி உங்கள் டிக்கெட்டில் கழியாது, மற்ற வீரர்களுக்குத்தான் போகும். தகுதிக்கு மீறி வாங்குபவர் உங்கள் பணத்தை வாங்கவில்லை, சக வீரரின் பணத்தை வாங்குகிறார். டிக்கெட் விலையை முடிவு செய்வது, அந்த விலைக்கும் ஆள் வருகிறதா என்பது மட்டும்தான்.

பேராசை என்று சொன்னீர்கள். 2002 இல் பாஸ்டன் செல்டிக்ஸை வாங்கியவர்கள் கொடுத்தது 36 கோடி டாலர். 2025 இல் அதே அணியை விற்க ஒப்பந்தமான விலை 610 கோடி. அதே 2025 இல் லேக்கர்ஸின் மதிப்பு 1,000 கோடி என்று வைத்து விற்பனை பேசினார்கள். இந்த ஏற்றத்தில் வீரர்களுக்கு ஒரு காசு பங்கில்லை. மேலே சொன்ன பாதிக்குப் பாதிக் கணக்கில் இது வருவதே இல்லை. செல்டிக்ஸ் கதையில் ஜேலன் பிரவுனின் 30 கோடியைப் பற்றி எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்தன. அந்த 610 கோடியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிரவுன் 2023 இல் கையெழுத்திட்டார், 2024 இல் பட்டம் வாங்கிக் கொடுத்து ஃபைனல்ஸ் எம்.வி.பி. ஆனார்.

"முடிவே இல்லையா?" என்று கேட்டீர்களே, முடிவு கட்டி 25 வருடத்துக்கு மேல் ஆகிறது. 1997 இல் 21 வயது கெவின் கார்னெட்டுக்கு மின்னசோட்டா 6 வருடத்துக்கு 12.6 கோடி கொடுத்தது. அந்த உரிமையாளர் அணியையே சுமார் 9 கோடிக்குத்தான் வாங்கியிருந்தார். உரிமையாளர்கள் பயந்துபோனார்கள். அடுத்த வருடமே வீரர்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்தினார்கள். சீசன் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. அதற்கப்புறம் வந்ததுதான் தனி ஒரு வீரரின் சம்பளத்துக்கு மேக்ஸ் என்ற உச்சவரம்பு. அன்றிலிருந்து லீக்கின் தலைசிறந்த ஐந்தாறு பேரும் தங்கள் உண்மையான விலைக்குக் கீழேதான் ஆடுகிறார்கள். லெப்ரான் ஜேம்ஸ் 2009-10 இல் கிளீவ்லேண்டில் வாங்கியது சுமார் 1.6 கோடி. அணிக்கு 61 வெற்றி. அவர் வேறு அணிக்குப் போய்விட்டார், அடுத்த சீசனில் கிளீவ்லேண்டுக்கு 19 வெற்றி, நடுவில் தொடர்ந்து 26 தோல்வி. அந்த ஒரு மனிதரின் விலை 1.6 கோடிதானா? நட்சத்திரத்துக்குக் கொடுக்காமல் மிச்சமாகும் அந்தப் பணம்தான் நடுத்தர வீரர்களிடம் போய் மோஸ்காவ் ஒப்பந்தங்களாக மாறுகிறது. அதிகம் வாங்குகிறார்கள் என்று யாரையாவது கைகாட்ட வேண்டுமென்றால் நடுவில் பாருங்கள், உச்சியில் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. 1997-98 இல் ஸ்காட்டி பிப்பனின் சம்பளம் சுமார் 28 லட்சம், லீக்கில் 122 ஆவது இடம். ஆறு பட்டங்களில் ஜோர்டானுக்கு வலது கையாக நின்றவர். பிப்பனுக்காக இதுவரை ஒருவர்கூட எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

கே: ஜோகிச்?

ப: இன்னும் கூடக் கொடுத்தாலும் டென்வருக்கு லாபம்தான்.

கே: காயத்தில் படுத்திருந்த கோபி பிரையன்ட்டுக்கு 2 வருடத்துக்கு 4.85 கோடி கொடுத்தது சரியா?

ப: கூடைப்பந்துக் கணக்கில் தவறு. 2013 நவம்பரில் கையெழுத்தானபோது அவருக்கு 35 வயது. குதிகால் தசைநார் அறுந்து இன்னும் களத்துக்கே திரும்பியிருக்கவில்லை. அந்த ஒப்பந்தத்தின் இரண்டு சீசனிலும் லேக்கர்ஸுக்கு 21 வெற்றி, 17 வெற்றி. ஆனால் அவருக்குக் கொடுத்தது அடுத்த இரண்டு வருடத்துக்காக அல்ல, போன 17 வருடத்துக்காக. கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி போட்டதை நேரலையில் பார்த்தவன் நான். என்னிடம் அந்தப் பணம் இருந்திருந்தால் நானும் கொடுத்திருப்பேன். ஆனாலும் வயதைப் பாருங்கள் என்று சொல்வதை நிறுத்த மாட்டேன்.

கே: ஃபீனிக்ஸ் சன்ஸைக் கெடுத்தது பிராட்லி பீல் ஒருவர்தான் என்கிறான் என் நண்பன். ஒத்துக்கொள்கிறீர்களா?

ப: பாதிதான். 2022 இல் வாஷிங்டன் அவருக்கு 5 வருடத்துக்கு 25.1 கோடி கொடுத்தது. முந்தின சீசனில் 40 ஆட்டம் ஆடி, மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதைவிடப் பெரிய தவறு, அவர் சம்மதமில்லாமல் டிரேட் செய்யக் கூடாது (வேறு அணிக்கு மாற்றக் கூடாது) என்ற ஒரு வரி. இதெல்லாம் தெரிந்துதான் 2023 இல் ஃபீனிக்ஸ் அவரை வாங்கியது. 2024-25 இல் டியூரன்ட், புக்கர், பீல் மூவரின் சம்பளம் மட்டும் 15 கோடி, கேப்போ 14 கோடி. கேப்புக்கு மேலே செகண்ட் ஏப்ரன் என்று இன்னொரு சம்பளக் கோடு உண்டு, அதைத் தாண்டிய அணிக்கு டிரேடில் கையைக் காலைக் கட்டிவிடுவார்கள், அதனால் வெளியே வர வழியும் இல்லை. 36 வெற்றி, 46 தோல்வி, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றும் கிடையாது. 2025 ஜூலையில் மீதி ஒப்பந்தத்தைப் பேசித் தீர்த்து அனுப்பினார்கள். நீட்டியதை வாங்கிக்கொண்டவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை, நீட்டியவர்களையும் நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கே: கோடி கோடியாக வாங்கிக்கொண்டு பாதி ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே!

ப: பாதி இல்லை, மிகைப்படுத்தாதீர்கள். 2023-24 முதல் 65 ஆட்டம் ஆடாதவருக்கு எம்.வி.பி., ஆல்-என்.பி.ஏ. (சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியல்) எதுவும் கிடையாது. டைரீஸ் ஹாலிபர்டன் அந்த சீசனில் தொடைக் காயத்தோடு ஓடி ஓடி 69 ஆட்டம் ஆடினார். ஆல்-என்.பி.ஏ. கிடைத்ததால் அவர் ஒப்பந்தத்தில் 4 கோடி கூடியது. இந்தப் பட்டியலுக்குப் பத்திரிகையாளர்கள் போடும் ஓட்டில் ஒருவரின் 4 கோடி தொங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கே: ஜேலன் பிரன்சன்?

ப: 2022 இல் நிக்ஸ் 10.4 கோடி கொடுத்தபோது அதிகம் என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். தவறாக எழுதிவிட்டேன். 2024 இல் ஒரு வருடம் பொறுத்திருந்தால் 27 கோடி வரை கேட்டிருக்கலாம். அவர் 15.6 கோடிக்கே கையெழுத்திட்டு அணிக்கு இடம் விட்டார்.

கே: பெண்கள் லீக்கைப் பற்றி ஏன் எழுதுவதே இல்லை? கெய்ட்லின் கிளார்க்கின் சம்பளம் உண்மையா?

ப: நல்ல கேள்வி, குற்றச்சாட்டையும் ஏற்கிறேன். உண்மைதான். 2024 இல் முதல் ஆளாக டிராஃப்ட் ஆன அவரின் முதல் வருடச் சம்பளம் சுமார் 76,500 டாலர். கோடி இல்லை, ஆயிரம். அந்த வருடம் டபிள்யூ.என்.பி.ஏ.வில் விதி அனுமதித்த உச்சமே இரண்டரை லட்சத்தைத் தொடவில்லை. அதே 2024 இல் 11 வருடத்துக்கு சுமார் 220 கோடி டாலருக்குத் தொலைக்காட்சி உரிமை விற்றது. 2025 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன் வீராங்கனைகள் எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள் என்று பனியனில் எழுதிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தகுதிக்கு ஏற்ற சம்பளமா என்ற கேள்வியை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டு எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது. அடுத்த முறை விரிவாக எழுதுகிறேன்.

கே: இப்போது லீக்கிலேயே மலிவான ஒப்பந்தம் எது?

ப: விக்டர் வெம்பன்யாமா. ரூக்கி ஒப்பந்தம் (புதுமுகத்தின் முதல் ஒப்பந்தம்), 2024-25 இல் கேப்பில் 9 சதவீதம்.